கட்டைவிரலை நம்பாதீர்கள்: பண்டைப் போர்ப் படங்கள் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி விடுதியில் ஒரே ஒரு மடிக்கணினியைச் சுற்றிப் பதினைந்து பேர் முண்டியடித்து '300' பார்த்தோம். படம் முடிந்ததும், "முந்நூறு பேரு பத்து லட்சம் பேரை மூணு நாள் நிறுத்தி வெச்சிருக்காங்கடா!" என்று ஆளாளுக்குக் கத்தினோம். அதன்பின் சில ஆண்டுகளுக்கு, கிரேக்கம் என்று யாராவது வாயெடுத்தாலே நான் அந்த முந்நூறைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். ஒரு நாள் வரலாறு படித்த நண்பன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, மீதி ஆறாயிரத்துச் சொச்சம் பேர் எங்கே போனாங்க?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

படம் காட்டும் போரில், கி.மு. 480-இல் தெர்மோபைலே என்ற கிரேக்கக் கணவாயில் பாரசீகப் படையை மறித்து நின்ற கிரேக்கர்கள் சுமார் 7,000 பேர். மலைப்பாதை வழியாக எதிரி பின்பக்கம் வந்துவிட்டான் என்று தெரிந்ததும் பெரும்பாலானோர் திரும்பிப் போனார்கள். கடைசி நாளில் ஸ்பார்ட்டா என்ற கிரேக்க நகர அரசின் மன்னன் லியோனிடாஸுடன் நின்றவர்களில், படத்தில் வரும் அந்த ஸ்பார்ட்டாக்காரர்கள் மட்டுமல்ல, தெஸ்பியா என்ற சிறிய ஊரைச் சேர்ந்த 700 பேரும் இருந்தார்கள், ஒருவரும் திரும்பவில்லை. போருக்கென்றே வளர்க்கப்பட்டவர்கள் அல்ல அவர்கள். என்னைக் கேட்டால், அந்த 700 பேரைப் பற்றித்தான் படம் எடுத்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கக் கணக்கும் இதே கதைதான். பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பாரசீகரின் காலாட்படை மட்டுமே 17 லட்சம் என்று எழுதிவைத்தார். இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று லட்சம் என்ற அளவோடு நின்றுவிடுகிறார்கள். அதுவும் கொஞ்சமில்லை.

அப்போது எனக்கு உறைக்காத ஒன்று உண்டு: ஒரு படம் நம்மை ஏமாற்றுவது பெரும்பாலும் காட்டியதால் அல்ல, காட்டாமல் விட்டதால். அதே படத்தில் எல்லோரும் கைதட்டும் ஒரு காட்சி வரும். துணைக்கு வந்த கிரேக்கர்களிடம் லியோனிடாஸ் தொழிலைக் கேட்பான். குயவன், சிற்பி, கொல்லன் என்று பதில் வரும். தன் ஆட்களைக் கேட்டதும் அவர்கள் ஒரே குரலில் முழங்குவார்கள். அதாவது போரைத் தவிர வேறு தொழில் இல்லை. நல்ல காட்சிதான். ஆனால் இவர்கள் நாள் முழுக்க ஈட்டி பிடித்துக்கொண்டிருந்தால் சோறு எங்கிருந்து வந்தது? ஹெலட்டுகள் என்ற அடிமை மக்கள் இவர்களுக்காக உழுதார்கள். மறு ஆண்டு அதே பாரசீகரோடு நடந்த பிளாட்டியா போருக்கு 5,000 ஸ்பார்ட்டா வீரர்கள் போனபோது ஆளுக்கு ஏழு ஹெலட்டுகள் உடன் போனதாக ஹெரோடோட்டஸ் சொல்கிறார். கணக்குப் போட்டால் 35,000 பேர். படம் முழுக்கத் தொண்டை கிழிய 'விடுதலை' பேசுகிறவர்கள் யார் என்பதை இந்த எண்ணை வைத்துக்கொண்டு மறுபடி யோசிக்க வேண்டும்.

இன்னொரு தவறு, கதையை யார் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல் விடுவது. '300' கதையைச் சொல்வது கண்ணில் காயம்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்ட டிலியோஸ் என்ற வீரன். பிளாட்டியாவுக்கு முன் படைக்குச் சூடேற்றச் சொல்கிறான். அப்படியென்றால் அந்தப் பூதங்களும் ராட்சத உருவங்களும் ஒரு பேச்சாளன் ஊதிப் பெருக்கியவை என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. ஆனால் நிஜத்தில் அப்படித் திரும்பியவனுக்கு என்ன நடந்தது தெரியுமா? அவன் பெயர் அரிஸ்டோடெமஸ். கண் நோயால் அவனும் யூரிட்டஸ் என்ற இன்னொருவனும் பாசறையிலிருந்து அனுப்பப்பட்டிருந்தார்கள். செய்தி தெரிந்ததும் யூரிட்டஸ், பார்வை தெரியாத நிலையிலும் தன் ஹெலட் அடிமையைக் கையைப் பிடித்து அழைத்துப்போகச் சொல்லிப் போர்க்களத்துக்குள் போய்ச் செத்தான். அரிஸ்டோடெமஸ் ஊர் திரும்பினான். அங்கே அவனுக்கு யாரும் அடுப்பு மூட்ட நெருப்புக்கூடத் தரவில்லை, யாரும் பேசவில்லை. 'நடுங்கி' என்று பட்டப்பெயர் வேறு. பிளாட்டியாவில் அவன் வரிசையை விட்டு வெளியே பாய்ந்து வெறியோடு போரிட்டு இறந்தான். அன்று எல்லோரிலும் வீரமாகப் போரிட்டவன் அவனே என்பது ஹெரோடோட்டஸின் கருத்து. ஊர்க்காரர்களோ, அவன் சாக வேண்டுமென்றே போரிட்டான் என்று சொல்லி மரியாதை கொடுக்க மறுத்துவிட்டார்கள். படத்தில் அவனைப் போன்றவன் படைக்கு முன்னால் நின்று முழங்குகிறான்.

அடுத்ததுதான் ரொம்பப் பேர் விழும் குழி: நம்ப முடியாததாக இருப்பதைப் பொய் என்றும், இயல்பாகத் தெரிவதை உண்மை என்றும் எடுத்துக்கொள்வது. 2000-இல் வந்த 'கிளாடியேட்டர்' இதற்கு நல்ல உதாரணம். ஒரு ரோமப் பேரரசன் அரங்கத்தில் இறங்கிச் சண்டை போடுவதா, சினிமாத்தனம் என்று தோன்றும். ஆனால் கொமோடஸ் உண்மையிலேயே இறங்கினான். அதை நேரில் பார்த்த செனட்டர் காசியஸ் டியோ எழுதிவைத்திருக்கிறார். ஒரு நாள் கொமோடஸ் தீக்கோழி ஒன்றின் தலையை வெட்டி, ஒரு கையில் அந்தத் தலையும் மறு கையில் வாளுமாகச் செனட்டர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் வந்து, பேசாமல் இளித்தபடி நின்றானாம். 'உங்களுக்கும் இதே கதிதான்' என்று அர்த்தம். செனட்டர்களுக்கோ பயத்தைவிடச் சிரிப்புதான் வந்தது. சிரித்தால் தலை போய்விடும் என்பதால், டியோ தன் மாலையிலிருந்து இலைகளைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். பக்கத்தில் இருந்தவர்களையும் மெல்லச் சொன்னார். மாதங்களின் பெயர்களைத் தன் பெயர்களாகவே மாற்றியவன், ரோம் நகருக்கே தன் பெயரை வைத்தவன் அந்த ஆள். இதையெல்லாம் படத்தில் வைத்திருந்தால் 'ஓவர்' என்று சொல்லியிருப்போம்.

ஆனால் யாருமே சந்தேகப்படாத கட்டைவிரலைப் பாருங்கள். அரங்கத்தில் தோற்ற கிளாடியேட்டருக்கு, கீழே காட்டினால் சாவு, மேலே காட்டினால் உயிர்ப்பிச்சை என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். லத்தீன் நூல்களில் இருப்பது 'திருப்பிய கட்டைவிரல்' என்ற சொல் மட்டும்தான். எந்தப் பக்கம் திருப்பியது என்று இல்லை. நம் மனத்தில் பதிந்திருக்கும் காட்சி, ஜெரோம் என்ற பிரெஞ்சு ஓவியர் 1872-இல் தீட்டியது. அந்த ஓவியத்தைக் காட்டித்தான் ரிட்லி ஸ்காட்டை 'கிளாடியேட்டர்' இயக்கவே சம்மதிக்க வைத்தார்கள். ஒவ்வொரு சண்டையிலும் ஒருவர் சாக வேண்டும் என்பதும் அப்படித்தான். கிளாடியேட்டரை வாங்கி, பயிற்சி கொடுத்து, வைத்தியம் பார்த்து வளர்த்தவனுக்கு அது முதலீடு. வாரம் ஒன்றைக் கொல்லக் கொடுத்தால் பயிற்சிப் பள்ளியை இழுத்து மூட வேண்டியதுதான்.

மற்றபடி படத்தின் நாயகன் மாக்சிமஸ் கற்பனைப் பாத்திரம். பேரரசர் மார்கஸ் அரேலியஸ் 177-ஆம் ஆண்டிலேயே மகன் கொமோடஸைக் கூட்டுப் பேரரசன் ஆக்கிவிட்டார். அவர் 180-இல் இறந்த பிறகு கொமோடஸ் 12 ஆண்டுகள் ஆண்டான். 192-ஆம் ஆண்டின் கடைசி நாளில் நார்சிஸஸ் என்ற மல்லன் அவன் கழுத்தை நெரித்துக் கொன்றான். படத்தில் வருவதுபோல் அரங்கத்தில் அல்ல.

இங்கே எதிர்த் திசையில் ஒரு தவறும் உண்டு. பிழை கண்டுபிடிப்பதையே பொழுதுபோக்காக்கிக்கொள்வது. 'கிளாடியேட்டர்' படத்தில் கவிழ்ந்த தேரின் பின்னால் எரிவாயு உருளை தெரிகிறது என்று கைகொட்டிச் சிரிக்கலாம். ரோமானியக் குதிரைவீரர்களுக்கு அங்கவடி, அதாவது சேணத்தில் தொங்கும் கால்வளையம், கிடையாது, படத்தில் இருக்கிறது என்றும் சொல்லலாம். ஆனால் அங்கவடி இல்லாமல் நடிகரைக் குதிரையில் ஏற்றி ஓடவிட்டால் எலும்பு தேறாது. இந்த மாதிரிப் பிழைகளால் யாருடைய வரலாற்று அறிவும் கெட்டுப்போவதில்லை.

கெடுப்பது போரின் வடிவம். திரையில் இரண்டு படைகளும் ஓடிவந்து மோதிய அரை நிமிடத்தில் அணி கலைந்து, ஆளுக்கு ஒரு எதிரியைப் பிடித்துக்கொண்டு தனிச் சண்டை தொடங்கிவிடும். கிரேக்கக் காலாட்படையின் பலமே கலையாமல் நிற்பதில்தான் இருந்தது. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலக் கேடயம் பாதி உன்னை மறைக்கும், பாதி இடப்பக்கம் நிற்பவனை மறைக்கும். நீ வீரம் காட்டக் குதித்து முன்னால் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் சாவான். அரிஸ்டோடெமஸ்மேல் ஊர்க்காரர்கள் கோபப்பட்டதற்கு இதுவும் காரணம். சினிமாவுக்கு நாயகன் முகம் தெரிய வேண்டும், அதனால் அணி கலைகிறது, தலைக்கவசம் கழல்கிறது, வெண்கல மார்புக்கவசம் போய் வெறும் மார்பு வந்து நிற்கிறது. 'பென்-ஹர்' படத்தில் அடிமைகளைச் சங்கிலியில் கட்டிச் சாட்டையால் அடித்துத் துடுப்புப் போட வைப்பதும் இந்த வகைதான். ரோமப் போர்க்கப்பல்களில் துடுப்புப் போட்டவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்கிய சுதந்திர மனிதர்கள்.

படம் எப்போது எடுக்கப்பட்டது என்று பார்க்காமல் விடுவதும் தவறுதான். ரோமை எதிர்த்த அடிமைக் கலகத் தலைவனைப் பற்றி 1960-இல் வந்த 'ஸ்பார்டகஸ்' படத்தின் கடைசியில், பிடிபட்ட கைதிகள் ஒவ்வொருவராக எழுந்து "நான்தான் ஸ்பார்டகஸ்" என்பார்கள். கி.மு. 71-இல் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஸ்பார்டகஸ் போர்க்களத்திலேயே விழுந்தான், உடல் கிடைக்கவில்லை. பிடிபட்ட 6,000 பேரைக் கபுவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் சிலுவையில் அறைந்தார்கள். ஆனால் திரைக்கதை எழுதிய டால்டன் டிரம்போ, அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில் நண்பர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்துச் சிறைக்குப் போய், ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் பல ஆண்டுகள் கிடந்தவர். அந்தக் காட்சியை அமெரிக்காவின் 1950-களாகப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும்.

'டிராய்' படத்துக்கு வேறு மாதிரிப் பிரச்சினை. "வரலாற்றையே மாற்றிட்டாங்க" என்று அந்தப் படத்தைத் திட்டுவோர் உண்டு. மாற்றியது வரலாற்றை அல்ல, காவியத்தை. கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானை டிராயிலேயே கொன்றுவிட்டார்கள். கதைப்படி அவன் ஊர் திரும்பி, மனைவி திட்டப்படிச் சாக வேண்டியவன். பத்தாண்டுப் போர் சில வாரங்களாகிவிட்டது. கடவுளர்கள் ஒதுக்கப்பட்டார்கள். இதெல்லாம் நியாயமான புகார்தான். ஆனால் புகார் சொல்பவர்களில் பாதிப் பேர், வீரர்கள் ஒளிந்து டிராய்க்குள் புகுந்த மரக்குதிரை, ஹோமரின் இலியட் காவியத்தில் வருகிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இலியட் ஹெக்டரின் இறுதிச் சடங்கோடு முடிந்துவிடுகிறது. குதிரை ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியிலும், பிற்பாடு ரோமக் கவிஞர் வர்ஜிலிடமும்தான் வரும்.

அந்தப் படத்துக்காகச் செய்த குதிரை இப்போது துருக்கியின் சனக்கலே நகரில், கடற்கரையோரம் நிற்கிறது. பழைய டிராய் இருந்த ஹிசார்லிக் மேடு அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். மேட்டில் பார்க்க இருப்பது ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்த ஊர்களின் இடிந்த சுவர்கள். அதனால் அங்கேயும் சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு மரக்குதிரை செய்து வைத்தார்கள்.