இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பறக்கும் நேரமும்: எக்செல்லில் நாமே கணக்கிடலாம்

தூரம் காட்டும் தளங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் எந்த வேகத்தை வைத்து நேரத்தைச் சொல்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை, அதனால் என் ஓட்டு எக்செல்லுக்குத்தான் (கூகுள் ஷீட்ஸிலும் இதே கணக்குதான்). லண்டன் ஹீத்ரோ, நியூயார்க் ஜே.எஃப்.கே. இரண்டையும் வைத்துச் செய்து பார்ப்போம்.

படி 1: இரண்டின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமத்தில் எடுங்கள். ஹீத்ரோ 51.47, -0.46. ஜே.எஃப்.கே. 40.64, -73.78. மேற்கும் தெற்கும் என்றால் மைனஸ். 40 பாகை 38 கலை என்று இருந்தால் அதை 40.38 என்று போடக்கூடாது, 38-ஐ 60-ஆல் வகுத்துச் சேர்க்க வேண்டும்.

படி 2: எல்லா எண்களையும் ரேடியனுக்கு (பாகையைப் போலக் கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) மாற்றுங்கள். பலரும் சறுக்கும் இடம் இதுதான். எக்செல்லின் சைன், கொசைன் எல்லாம் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும், பாகையைக் கொடுத்தாலும் பிழை என்று கத்தாது, பேசாமல் ஒரு விடையைத் தரும். மேலே உள்ள எண்களை அப்படியே போட்டால் 7,680 கி.மீ.யை ஒட்டி வரும், பார்த்தால் நம்பும்படிதான் இருக்கும்! தப்பான விடைகூட 0-க்கும் 20,015 கி.மீ.க்கும் (பூமியின் சுற்றளவில் பாதி) நடுவில்தான் விழும் என்பதால் சந்தேகமே வராது. ரேடியன்ஸ் என்ற ஃபங்ஷனைப் போட்டுத் தனிக் கட்டங்களில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், ஒரே சூத்திரத்தில் எல்லாவற்றையும் திணித்தால் அப்புறம் பிழை தேடுவது பெரும்பாடு.

படி 3: இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். அவற்றின் கொசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, ஆர்க்-கொசைன் (கொசைன் மதிப்பிலிருந்து கோணத்தைத் திரும்பப் பெறுவது) எடுத்து, பூமியின் சராசரி ஆரமான 6,371-ஆல் பெருக்கினால் சுமார் 5,540 கி.மீ. கடல் மைல் வேண்டுமென்றால் 1.852-ஆல் வகுக்கலாம்.

படி 4: நேரம். பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 900 கி.மீ. போகும் என்று வைத்தால் 6 மணி 9 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் நான் 40 நிமிடம் சேர்ப்பேன். ஆனால் காற்றை விட்டுவிட்டால் கணக்கு உதைக்கும்: ஜெட் ஸ்ட்ரீம் என்ற உயரத்து வேகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதால் லண்டன் போக ஏறக்குறைய 7 மணி நேரம், திரும்பி வர 8 மணி நேரம் என்று அட்டவணையில் இருக்கும்.

பின்சேர்க்கை: டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களைக் கழித்தால் வேறு விடை வருகிறதே என்று சிலர் கேட்டார்கள். அவை அந்தந்த ஊர் நேரம். லண்டன் வழக்கமாக 5 மணி நேரம் முன்னால் இருக்கும். அமெரிக்கா மார்ச் மாதத்தில் பிரிட்டனுக்கு முன்பே கடிகாரத்தைத் திருப்பிவிடுவதால் நடுவில் சில வாரங்கள் 4 மணி நேரம்தான். டோக்கியோவில் மாலையில் கிளம்பி லாஸ் ஏஞ்சலிஸில் அதே நாள் காலையில் இறங்குகிறீர்கள் என்றால், இரண்டு நேரங்களையும் தேதியோடு சேர்த்து யு.டி.சி.க்கு (உலகப் பொது நேரம்) மாற்றிவிட்டுக் கழியுங்கள், மைனஸ் வராது.