"திருப்தியா?" என்று கேட்காதீர்கள்

கருத்தடை சேவை பற்றிப் பெண்களிடம் கேட்டு எழுதக் கிளம்பியிருக்கும் புதியவர்களோடு போன வாரம் இரண்டு நாள் சுற்றினேன். எட்டு வருஷம் முன்பு நான் சொதப்பிய அதே இடங்களில் அவர்களும் சொதப்புகிறார்கள். வயதை எழுத மறப்பது, பக்கம் விட்டுப்போவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அதை விடுங்கள்.

"திருப்தியா?"

இதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான்: "நல்லாப் பாத்துக்கிட்டாங்க." மடியில் பச்சைக் குழந்தை. அடுத்த தடுப்பூசிக்கு அதே நர்ஸம்மாவிடம்தான் வர வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திக் கேட்டால் வேறென்ன சொல்வாள்?

என் முதல் ஆய்வில் 38 பேரிடம் இப்படிக் கேட்டேன். 38 பேரும் திருப்தி. அறிக்கையும் கொடுத்தாயிற்று. அப்புறம் அவர்களில் ஒருத்தியை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கர்ப்பப்பையில் வைத்திருந்த காப்பர் டி கருத்தடைச் சாதனத்தைத் தனியாரில் காசு கொடுத்து எடுத்துவிட்டாளாம்.

"பிரசவத்தப்பவே வச்சுட்டாங்கக்கா. வீட்டுக்காரர் டிஸ்சார்ஜ் சீட்டைப் படிச்சப்பதான் எனக்கே தெரியும்."

"அன்னைக்கு ஏம்மா சொல்லலை?"

"நல்லாப் பாத்தாங்களான்னுதானே கேட்டீங்க? நல்லாத்தான் பாத்தாங்க."

இன்றும் எரிச்சல், என் மேல்தான். 38 படிவமும் வீண்.

"திருப்தியா?" என்பதற்குப் பதில், என்ன நடந்தது என்று அவளிடம் கேளுங்கள். தேசியக் குடும்பநல ஆய்வில் வரும் மூன்று கேள்விகளில் தொடங்கலாம். பக்க விளைவு பற்றிச் சொன்னார்களா? வந்தால் என்ன செய்வதென்று சொன்னார்களா? வேறு முறைகள் பற்றிச் சொன்னார்களா? மூன்றாவதைப் பெயர் சொல்லியே கேளுங்கள்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை, ஆணுறை. அந்தரா போட்டவளிடம், மாதவிடாய் தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம் என்று முன்பே சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள். சொல்லியிருக்காவிட்டால், மறுபடி உண்டாகிவிட்டோமோ என்று ராத்திரி தூங்காமல் கிடந்த கதை வெளியே வரும். இரண்டாவது ஊசிக்கு அவள் ஏன் போகவில்லை என்பதும் அதிலேயே இருக்கும்.

எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்ப்பது

தமிழ்நாட்டில் 15–49 வயதில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பலருக்கு அது பத்து வருஷப் பழங்கதை. அவர்களையும் போன மாதம் ஊசி போட்டவளையும் கூட்டிச் சதவீதம் போட்டால், ஊசிக்காரி காணாமல் போய்விடுவாள்.

மாமியார் பக்கத்தில் இருந்தால்

அவர் நகரும்வரை ரேஷன் கடை பற்றிப் பேசுங்கள்.

"தெரியலைக்கா" என்றால்

"தெரியாது" என்றே எழுதுங்கள். "ஆம்" கட்டத்தில் டிக் அடிக்காதீர்கள்.