கேமை முடித்து வெளியிடுவது எப்படி: கடைசிக் கட்டத்துக்கு ஒரு செய்முறை

"கேம் கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும் ஆட்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறைய இருக்கிறார்கள். கோடு (கம்ப்யூட்டர் நிரல்) எழுதத் தெரிந்தவர்கள், நன்றாகப் படம் வரைபவர்கள். அவர்களைத் தடுப்பது கடைசிக் கட்டத்தின் தன்மைதான். அதுவரை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்திருப்பார்கள். இனி சேர்ப்பதை நிறுத்திவிட்டு, இருப்பதை முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுக்கும்படி ஆக்க வேண்டும். வைகாசியில் பாடலீஸ்வரர் தேர் வீதியெல்லாம் சுற்றி வந்தாலும் நிலைக்கு வந்தால்தான் தேரோட்டம் முடிந்த கணக்கு. அந்தக் கடைசித் திருப்பத்தில் வடம் பிடிப்பவரைவிட முட்டுக்கட்டை போடுபவருக்குத்தான் வேலை அதிகம்.

புதுப்பாளையத்தில் என் நண்பர் ஒருவர் தனியாக ஒரு 2டி கேம் செய்தார். கடலூர் முதுநகர் முகத்துவாரத்திலிருந்து ஃபைபர் படகைக் கிளப்பி, வலை போட்டு, மீனோடு கரை திரும்ப வேண்டும். கோடோ (Godot) 4 என்ற எஞ்சினில், அதாவது கேம் செய்வதற்கான மென்பொருளில் செய்தது. அதன் கடைசி மாதங்களில் நானும் கூட இருந்தேன். அதை வைத்தே படிகளைச் சொல்கிறேன்.

படி 1: ஒரு தாளில் எல்லையைப் போடுங்கள்

"இவை இருந்தால் வெளியிடலாம்" என்று ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். நண்பரின் தாளில் இருந்தவை: மூன்று லெவல், ஒரு படகு, தொடக்கத் திரை, செட்டிங்ஸ், சேவ் (விட்ட இடத்தைச் சேமித்து வைப்பது), தமிழும் ஆங்கிலமும், முடிவுத் திரை. புயலில் படகு ஓட்டும் லெவல் ஒன்றும் பாதி வரைந்த நிலையில் இருந்தது. அலை ஒவ்வொன்றையும் அவ்வளவு அழகாக வரைந்திருந்தார். அதைத் தூக்கிவிட்டோம். அழிக்க வேண்டாம், "அடுத்து" என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வையுங்கள். பிற்பாடு அப்டேட்டாகக் கொடுக்கலாம்.

தாளில் இல்லாத எதையும் இனிமேல் தொடக்கூடாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அருமையான யோசனை வரும், அதுவும் அந்த ஃபோல்டருக்குத்தான் போக வேண்டும்.

படி 2: தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

புதிதாக வருபவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை: கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில், கேம் தயாரான அன்றே வெளியிட முடியாது. ஒவ்வொரு கேமுக்கும் 100 டாலர் கட்டணம் கட்ட வேண்டும். கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் வெளியிட விடுவார்கள். "விரைவில் வருகிறது" என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது எல்லோர் பார்வைக்கும் இருந்தாக வேண்டும். பக்கத்தையும் பில்டையும் (விளையாடுபவருக்குப் போகும் கேம் கோப்புகள்) தனித்தனியாகப் பரிசோதிப்பார்கள். திருப்பி அனுப்பினால் சரிசெய்ய நேரம் வேண்டும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரத்துக்கு மேலேயே ஒதுக்குங்கள். கேம் 1,000 டாலர் வருமானத்தைத் தொட்டால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். வங்கி விவரமும் அமெரிக்க வரிப் படிவமும் கேட்பார்கள். பான் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பான் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

ஆண்ட்ராய்டில் வெளியிடுவதானால் 25 டாலர், ஒரே முறை. ஆனால் புதிதாகத் தொடங்கும் தனிநபர் கணக்கு என்றால், 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதனை நடத்திய பிறகுதான் கூகுள் ப்ளேயில் வெளியிட விண்ணப்பிக்கலாம். அந்தப் பன்னிரண்டு பேரை இன்றே பிடித்து வையுங்கள். இட்ச் (itch.io) என்ற கேம் வெளியீட்டுத் தளத்தில் இந்தக் காத்திருப்பெல்லாம் கிடையாது, கட்டணமும் இல்லை. முதல் கேம் என்றால் அங்கே வெளியிட்டுப் பழகுவதுதான் என் ஆலோசனை.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நவம்பர், டிசம்பரில் தேதி வைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபிறகு கடலூரில் பல நாட்கள் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தெருவெல்லாம் வெள்ளம். வெளியிட்ட வாரத்தில் கரண்டும் நெட்டும் இல்லாமல் உட்கார்ந்திருந்தால், பிழை இருந்தாலும் சரிசெய்து அனுப்ப முடியாது.

படி 3: பிழைகளை மூன்றாகப் பிரியுங்கள்

முதல் வகை: கேம் நின்றுபோவது, சேவ் அழிவது, மேற்கொண்டு போக முடியாமல் மாட்டிக்கொள்வது. இரண்டாவது: பார்க்க நன்றாக இல்லாதது. மூன்றாவது: "இப்படி இருந்தால் நன்றாக இருக்குமே" என்பது. முதல் வகையில் ஒன்று மிச்சம் இருந்தாலும் வெளியிடக்கூடாது. இரண்டாவது, நேரம் இருக்கும் வரை. மூன்றாவதை அந்த "அடுத்து" ஃபோல்டருக்கு அனுப்புங்கள்.

படி 4: தெரியாதவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்

எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. நண்பர்கள் "சூப்பர்டா" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நண்பரின் பக்கத்து வீட்டில் ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவனைக் கூப்பிட்டு லேப்டாப்பைக் கொடுத்தோம். தொடக்கத் திரையில் "தொடர ஏதாவது ஒரு பட்டனை அழுத்தவும்" என்று இருந்தது. அவன் கீபோர்டு பக்கமே போகவில்லை. திரையைத் தொட்டான், எழுத்தின் மேலேயே நான்கைந்து தடவை தட்டினான். அப்புறம் மவுஸை எடுத்து அதே இடத்தில் கிளிக் செய்தான். "அண்ணா, ஹேங் ஆயிடுச்சு" என்றான்.

ஃபோனிலேயே விளையாடி வளர்ந்த பிள்ளை, வேறு எப்படிச் செய்வான்? கேம் கீபோர்டை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நண்பர் அன்றைக்கே மவுஸ் கிளிக்கையும் சேர்த்தார். "எதை அழுத்தணும்னு சொல்லட்டுமா" என்று வாய் வரைக்கும் வந்தது, சொல்லியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. விளையாடுபவரின் பக்கத்தில் உட்காருங்கள், ஒரு நோட்டில் மட்டும் எழுதுங்கள்: எங்கே நின்றார், எதைத் தப்பாகப் புரிந்துகொண்டார், எங்கே முகம் மலர்ந்தது. அவர் சொல்லும் தீர்வைவிட அவர் தடுக்கிய இடம்தான் உங்களுக்கு வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு பேர் தடுக்கினால் அதைக் கண்டிப்பாகச் சரிசெய்யுங்கள்.

முதல் பத்து நிமிடத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அங்கேயே தடுக்கி வெறுத்துப்போனவர் கேமைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்: ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

படி 5: தமிழ் எழுத்து உடைகிறதா என்று பாருங்கள்

தமிழில் கேம் செய்யும் எல்லோரும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். "கெடிலம்" என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் தெரிகிறது. ஆனால் யூனிகோடில் முதலில் க, பிறகுதான் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அதை முன்னால் கொண்டுவருவது எஞ்சினின் பொறுப்பு. அதைச் செய்யாத எஞ்சினில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ஆற்றின் பெயரே படிக்க முடியாமல் போகும். கோடோ 4 இதைச் சரியாகச் செய்கிறது. யூனிட்டி என்ற இன்னொரு எஞ்சினில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ தானாகச் செய்வதில்லை. அங்கே தனியாக ஒரு பிளக்-இன் (கூடுதல் இணைப்பு மென்பொருள்) போட வேண்டும், அல்லது எழுத்தை முன்கூட்டியே படமாக்கி வைக்க வேண்டும்.

சோதிக்க ஒரு வரி போதும்: "கெடிலம், கொண்டல், கௌதாரி, ஸ்ரீ". இவை சரியாக வந்தால் பெரும்பாலும் எல்லாம் வரும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், விற்கும் கேமிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அப்புறம், தமிழ்ச் சொற்கள் நீளம். ஆங்கிலத்துக்கு அளந்து செய்த பட்டனில் "அமைப்புகள்" அடங்காது, பட்டனை அகலப்படுத்துங்கள். எழுத்தைச் சிறிதாக்கினால் புள்ளி கண்ணுக்குத் தெரியாது.

படி 6: கரண்ட் போனால் சேவ் தப்பிக்குமா?

சேவ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு பாதியில் நிற்கும், அடுத்த முறை திறக்காது. வழி எளிது. முதலில் வேறு பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுதும் எழுதுங்கள். எழுதி முடிந்ததும் பழைய சேவ் கோப்பை ஒரு பிரதியாக ஒதுக்கிவிட்டு, புதியதற்கு உண்மையான பெயரைக் கொடுங்கள். திறக்கும்போது புதியது படிக்க முடியாவிட்டால் பழைய பிரதியை எடுக்கச் சொல்லுங்கள். சேவுக்குள் ஒரு பதிப்பு எண்ணும் இருக்கட்டும், பின்னால் அப்டேட் கொடுக்கும்போது பழைய சேவ் கோப்பை அடையாளம் காண அது உதவும். சோதனைக்கு, சேவ் ஆகும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் கேமை நிறுத்துங்கள். பல முறை செய்து பாருங்கள்.

படி 7: எஞ்சின் இல்லாத கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள்

உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுவதை வைத்து நம்பாதீர்கள். எக்ஸ்போர்ட் செய்த பில்டை பென் டிரைவில் போட்டு, எஞ்சினே இன்ஸ்டால் செய்யாத ஒரு பழைய கம்ப்யூட்டரில் திறங்கள். பிரவுசிங் சென்டர் இதற்கு நல்ல இடம், ஓனரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பல வீடுகளில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியும் இருக்கிறது.

கோடோவில் அடிக்கடி வரும் ஒன்று: படத்தின் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, கோடில் சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்ப்பதால் எடிட்டரில் ஓடும், எக்ஸ்போர்ட் செய்ததும் படகு காணாமல் போகும். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில் வைத்துவிடுங்கள். பழைய கிராபிக்ஸ் கார்டில் வல்கன் (திரையில் படம் வரையும் புதிய முறை) இருக்காது. 2டி கேமுக்குக் கோடோவின் கம்பாட்டிபிலிட்டி ரெண்டரர் என்ற தேர்வே போதும், அது ஓப்பன்ஜிஎல் 3.3 என்ற பழைய முறையில் ஓடும். 1366×768 திரையில் மெனு வெட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள்.

படி 8: உரிமம்

நெட்டில் எடுத்த ஒவ்வொரு சத்தத்துக்கும் படத்துக்கும் உரிமத்தைப் பாருங்கள். பெயர் குறிப்பிடச் சொன்னால் நன்றிப் பட்டியலில் போடுங்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்றிருந்தால் விற்கும் கேமில் வைக்கவே கூடாது. நண்பர் படகு எஞ்சின் சத்தத்தைத் துறைமுகத்தில் தானே ஃபோனில் பதிவு செய்தார். படகுக்காரரிடம் அனுமதி கேட்டு, அவர் பெயரையும் பட்டியலில் சேர்த்தார்.

படி 9: வெளியிடும் நாளும் அடுத்த வாரமும்

கோடின் பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட் (Git) கருவியில், வெளியிடும் பில்டுக்கு ஒரு டேக் (அடையாளப் பெயர்) போட்டு, முழு ப்ராஜெக்டையும் தனி டிரைவில் பிரதி எடுங்கள். முதல் வாரத்தில் முதல் வகைப் பிழைகளை மட்டும், அந்த டேக்கிலிருந்தே கிளை (தனிப் பிரதி) பிரித்துச் சரிசெய்யுங்கள். "புயல் லெவல் வருமா?" என்று யாராவது கேட்டால், யோசனை இருக்கிறது என்று சொல்லுங்கள், தேதி சொல்லாதீர்கள். "ஓடல" என்று மட்டும் எழுதுபவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: என்ன கம்ப்யூட்டர், கடைசியாக என்ன செய்தார், லாக் கோப்பு (ஓடும்போது நடந்ததைக் கேம் எழுதிவைக்கும் பதிவு). கோடோவில் லாக் தானாகவே எழுதப்படும். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதைக் கேமின் பக்கத்திலேயே எழுதிவைத்துவிடுங்கள்.