இணைய வகுப்பில் மாணவரின் சொந்த விடையை வரவழைப்பது எப்படி?

கேள்வி கேட்ட பத்தாவது நொடியில் சாட்டில் ஒரு விடை விழுகிறது. அடுத்து வருவதெல்லாம் ‘எனக்கும் அதேதான்’. மற்றவர்கள் யோசித்து முடிப்பதற்குள் அந்த முதல் விடை கண்ணில் பட்டுவிடுவதுதான் சிக்கல்.

1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ், கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லிப் பார்த்தார். உடனிருந்தவர்கள் பேசிவைத்துத் தவறாகச் சொன்னபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தோடு போயின. ஒரே ஒருவர் சரியாகச் சொன்னபோதும், விடையைத் தனியே எழுதித் தந்தபோதும் அந்த அழுத்தம் வெகுவாகத் தளர்ந்தது. வகுப்பில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியவை இந்த இரண்டும்தான்.

கேள்வி கேட்கும் முன்பே, சாட் செய்திகள் ஆசிரியருக்கு மட்டும் போகும்படி மாற்றுங்கள். மூன்று நிமிடம் யாரும் பேசக் கூடாது, நீங்களும்தான். ஒவ்வொருவரும் விடை, ஒரு வரிக் காரணம், 1 முதல் 5 வரை எவ்வளவு உறுதி என்ற எண், மூன்றையும் அனுப்பட்டும். காரணம் கேட்காவிட்டால் ஊகம்தான் வரும். வகுப்புத் தோழர்களுக்குப் பெயர் தெரிய வேண்டாம்; உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். முழுக்கப் பெயரில்லாமல் விட்டால் விளையாட்டுப் பதில்கள் பெருகும்.

வாக்கெடுப்பு வைத்தால் முடிவை உடனே காட்டாதீர்கள். உயரமான பட்டையைக் கண்டதும் பலர் அந்தப் பக்கம் சாய்வார்கள், அது தவறான விடையாக இருந்தாலும். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் உருவாக்கிய முறை இங்கே நன்றாக உதவும். சரியான விடை சுமார் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், மாணவர்களை இரண்டு மூன்று பேராகப் பிரித்துப் பேசவிட்டு மறுபடி வாக்கெடுங்கள். அதற்குக் கீழே என்றால் பாடத்தையே திரும்ப நடத்த வேண்டும். மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். மறு வாக்கெடுப்பில் விடையை மாற்றியவரிடம், எந்த வாதம் மாற்றியது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ‘எல்லாரும் சொன்னாங்க’ என்பதைக் காரணமாக ஏற்காதீர்கள்.

சிறுபான்மை விடையைப் பெயர் சொல்லாமல் திரையில் வைத்து, “இப்படி எழுதியவர் எந்த வழியில் யோசித்திருப்பார்?” என்று எல்லோரிடமும் கேளுங்கள். எழுதியவர் தனியாக நின்று வாதாட வேண்டியதில்லை. குழுவில் ஒருவரை மறுப்புச் சொல்பவராக நியமிப்பதும் உண்டு. வெறுமனே “எதிர்த்துப் பேசு” என்றால் அது நடிப்பாகிவிடும், “இந்த விடை எந்த இடத்தில் உடையும்?” என்ற குறிப்பான வேலை கொடுங்கள், வாரந்தோறும் ஆளை மாற்றுங்கள்.

கூட்டாக எழுதும் ஆவணத்தில் வேகமாகத் தட்டச்சு செய்பவரே குழுவின் கருத்தைத் தீர்மானித்துவிடுவார். முதல் ஐந்து நிமிடம் ஆளுக்கொரு தனி ஆவணம், பிறகு இணைப்பு. மூடில் (Moodle) என்ற இணையக் கற்றல் தளத்தின் ‘கேள்வி-பதில்’ வகை விவாதத்தில், தான் பதிவிடும் வரை பிறர் பதில் தெரியாது. பதிவிட்ட பிறகும் திருத்த நேரம் முடியும்வரை, இயல்பாக 30 நிமிடம், காத்திருக்க வேண்டும். அதனால் நேரலை வகுப்புக்கு அது ஒத்துவராது, வீட்டுப்பாடத்துக்கு வையுங்கள்.

முதலில் வந்த விடைக்கு “அருமை” என்று சொல்லிவிடாதீர்கள். மீதிப்பேர் அதோடு யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.