பாலைவன வாய்க்கால் தொல்லியல்: வழுக்கிவிடும் இடங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகரம் இருப்பது சொனோரா பாலைவனத்தில். ஆண்டு மழை ஏறக்குறைய 20 செ.மீ. அந்த இடத்தில் சால்ட், கிலா ஆறுகளிலிருந்து வாய்க்கால் வெட்டி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல், சுமார் 1450 வரை, மக்காச்சோளமும் பருத்தியும் பீன்ஸும் பூசணியும் விளைவித்திருக்கிறார்கள். தொல்லியலாளர்கள் இவர்களை ஹோஹோகாம் என்கிறார்கள். உலோகக் கருவி கிடையாது, ஏர் இழுக்க மாடு கிடையாது. தோண்டுகழியையும் கூடையையும் வைத்துக்கொண்டு செய்த வேலை இது. வியப்பு நியாயம்தான். ஆனால் அந்த வியப்பிலேயே பலர் தவறான முடிவுக்குப் போய்விடுகிறார்கள்.

முதல் தவறு வரைபடத்தில் தொடங்குகிறது. 1929-இல் ஒமர் டர்னி வெளியிட்ட வரைபடத்தில் சால்ட் ஆற்றின் இரு கரையிலும் பழைய வாய்க்கால்கள் பின்னிக் கிடக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அத்தனையிலும் ஒரே சமயத்தில் தண்ணீர் ஓடியதாக எண்ணி, பாசனப் பரப்பைக் கணக்கிட்டு, அதிலிருந்து மக்கள்தொகையும் சொல்லிவிடலாம் என்று தோன்றும். சொல்லக் கூடாது. அந்தக் கோடுகள் பல நூற்றாண்டுகளில் வெட்டியவை. ஒன்று தூர்ந்த பிறகு அதன் பக்கத்திலேயே இன்னொன்று வெட்டியிருப்பார்கள். எது எப்போது ஓடியது என்று பிரிக்காத மக்கள்தொகைக் கணக்கை நான் நம்புவதில்லை.

சரி, காலத்தைக் கணித்துவிடலாமே என்றால், பெரிய சிக்கலே அங்குதான். வாய்க்காலைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காக மண் தெரியும். பரும்படியான மணல் வேகமாக ஓடிய தண்ணீர் போட்டது. மெல்லிய களிமண் தண்ணீர் தேங்கியபோது படிந்தது. சில இடங்களில் களி காய்ந்து வெடித்த கோடுகள்கூட அப்படியே இருக்கும். இந்த அடுக்குகளை வாய்க்காலின் முழு வரலாறு என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு. தூர் வாரும்போதெல்லாம் பழைய வண்டல் கரைக்குப் போய்விடும். ஆக, உள்ளே எஞ்சியிருப்பது பெரும்பாலும் கடைசிக் காலத்து மண். வாய்க்கால் அதைவிட நூறு, இருநூறு ஆண்டு மூத்ததாக இருக்கலாம்.

உள்ளே கிடக்கும் உடைந்த பானை ஓடுகளை வைத்துக் காலம் சொல்வதும் ஆபத்து. கரை இடிந்து, எப்போதோ போட்ட ஓடு உள்ளே விழுந்திருக்கலாம். கரித்துண்டு இன்னும் மோசம். பாலைவனத்தில் பட்டுப்போன மரம் சீக்கிரம் மக்காது. நெடுங்காலமாகக் கிடந்த கட்டையை எடுத்து யாராவது எரித்திருந்தால், காலம் கணிக்கும் கார்பன் முறை மரம் உயிரோடிருந்த காலத்தைத்தான் காட்டும், அடுப்பு எரிந்த நாளை அல்ல. அதனால்தான் கருகிய மக்காச்சோள மணி ஒன்று கிடைத்தால் அவ்வளவு மகிழ்ச்சி: அது ஓர் ஆண்டுப் பயிர். மணல்துகள் கடைசியாக வெயில் கண்டது எப்போது என்று அளக்கும் முறையும் உண்டு. ஆனால் கலங்கல் தண்ணீரில் வந்த மணல் முழுதாக வெயில் படாமலே புதைந்திருந்தால், உண்மையை விடப் பழைய காலம் வரும். ஒரே முறையை நம்பிக் காலம் எழுத வேண்டாம்.

அப்புறம் 1867. புதிதாக வந்து குடியேறிய ஜாக் ஸ்வில்லிங் என்பவர் ஆள் சேர்த்துக்கொண்டு சால்ட் ஆற்றில் பாசனம் தொடங்கியபோது, பழைய வாய்க்கால் தடங்களில் சிலவற்றைத் தூர் வாரி மறுபடி பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே பள்ளத்துக்கு இரண்டு காலம் இருக்கும்.

பெரிய வாய்க்கால் என்றாலே அரசன் இருந்திருப்பான் என்று முடிவு கட்டுவது இன்னொரு பழக்கம். நீரை ஆள்பவன் நாட்டை ஆள்வான் என்ற வரலாற்றாய்வாளர் விட்ஃபோகலின் கருத்தை அப்படியே இங்கே பொருத்திவிடுவார்கள். ஒரே தலைமதகில் தண்ணீர் எடுத்த ஊர்கள் முறை வைத்துப் பங்கிட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கு ஒப்பந்தம் வேண்டும், அரண்மனை வேண்டியதில்லை. பிற்காலத்தில் அங்கே மேடைகள் கட்டி, அவற்றின் மேல் சிலர் வசித்தார்கள் என்பது உண்மை. அதை வைத்து ஏற்றத்தாழ்வு பற்றிப் பேசலாம். பேரரசு வரை போக முடியாது.

ஹோஹோகாம் வீழ்ச்சிக்கு ஒரே காரணம் தேடுவதும் அப்படித்தான். வறட்சி என்பார்கள், நிலம் உப்பாகிவிட்டது என்பார்கள். தண்ணீர் மிகுந்தாலும் பாசனம் கெடும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. வெள்ளம் ஆற்றுப் படுகையை ஆழமாக அரித்துவிட்டால் தலைமதகு மேலே நின்றுவிடும். ஆறு நிறைய ஓடினாலும் வாய்க்காலில் ஏறாது. அந்த மக்கள் ‘மாயமாய் மறைந்தார்கள்’ என்று எழுதுவதோ வெறும் சோம்பேறித்தனம். அப்பகுதியின் பழங்குடிகளான ஓஓடம் மக்கள் தாங்கள் அவர்களுடைய வழிவந்தவர்கள் என்கிறார்கள். கிலா ஆற்றங்கரையில் வாய்க்கால் வைத்துப் பயிர் செய்தும் வந்திருக்கிறார்கள். ஃபீனிக்ஸில் இருக்கும் பழைய ஊரின் அருங்காட்சியகத்துக்கு 2023-இல் அவர்கள் மொழியிலேயே ‘செதவ் வாகி’ என்று பெயர் மாற்றப்பட்டது.

கடைசியாக ஒன்று: வாய்க்காலை மட்டும் பார்த்துவிட்டு வேளாண்மை முழுவதையும் பார்த்ததாக நினைக்க வேண்டாம். அதே மாநிலத்து டூசான் நகருக்கு வடமேற்கே சரிவுகளில் ஆயிரக்கணக்கான சிறு கற்குவியல்கள் இருக்கின்றன. ஈரம் காக்கக் கல்லைக் குவித்து அங்கே கற்றாழை போன்ற செடியான அகாவே வளர்த்தார்கள். அங்கு ஒரு சொட்டு வாய்க்கால் தண்ணீரும் போகவில்லை.