ஸ்பிரிங்கை இறுக்கும் முன்

"வளைவில் கார் சாய்கிறது, வேகத்தில் மிதக்கிறது" என்று போய் நின்றால், பல கடைகளில் முதலில் சொல்லும் வைத்தியம் இறுக்கமான ஸ்பிரிங். கையைக் கடிக்கும் என்றால், இருக்கிற ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் பஃபர். நானும் ஒரு காலத்தில் பின்பக்கம் இரண்டுக்கும் பஃபர் சொருகிக்கொண்டு வந்தவன்தான். சாய்வு குறைந்தது உண்மை. ஆனால் ஒட்டுப்போட்ட ரோட்டில் வளைவெடுக்கும்போது பின்பக்கம் தத்தித் தத்தி வெளியே நகர்ந்தது. ஒரே மாதத்தில் கழற்றிப் போட்டேன்.

இறுக்கினால் பிடிப்பு கூடும் என்று நினைப்பதில்தான் தப்பே தொடங்குகிறது. டயர் தரையை அமுக்கிக்கொண்டிருக்கும்வரைதான் பிடிப்பு. ஸ்பிரிங் மடங்க மறுத்தால் மேடுபள்ளத்தில் சக்கரம் துள்ளும்; துள்ளிய அந்தக் கணத்தில் ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் வேலையே இல்லை. இன்னொன்று, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்கு ஏற்றபடி வந்தது. இறுகிய ஸ்பிரிங் அமுங்கி எழும் வேகத்தை அதனால் அடக்க முடியாது.

மிதப்புக்குக் காரணம் பல நேரம் தேய்ந்த ஷாக் அப்சார்பர்தான். அது மெல்ல மெல்லச் சோர்வதால் தினமும் ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை. 'நம்ம வண்டி நல்ல சாஃப்ட்' என்று பெருமைகூட வரும். டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாக்கின் மேல் புழுதி அப்பிக் கரும்பசையாக இருந்தால் ஆயில் கசிகிறது. வண்டியின் மூலையை அமுக்கி விட்டால் ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். மறுபடி மறுபடி ஆடினால் அதன் கதை முடிந்தது. மாற்றும்போது இடது, வலது இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.

அப்புறம் பெரிய அலாய் வீல் மோகம். 185/65 ஆர்15 (15 அங்குல ரிம்) டயரின் பக்கச்சுவர் உயரம் சுமார் 120 மி.மீ. அதற்குப் பதில் 205/45 ஆர்17 போட்டால் 92தான். வெளிவிட்டம் கிட்டத்தட்ட அதேதான். காணாமல் போன 28 மி.மீ.யும் மெத்தை. ஸ்டீயரிங் சுறுசுறுப்பாகத் தோன்றும், சரி. பள்ளத்தில் விழுந்தால் அடி நேரே ரிம்முக்கு. ரிம்மில் ஒரு அங்குலம் கூட்டுவதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

டயர் காற்றைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று இருந்தால், டயர் சூடாகும் முன் 33. மைலேஜுக்காக 40 அடித்துவிட்டு சஸ்பென்ஷனைத் திட்டாதீர்கள்.

பலரும் கவனிக்காதது லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கையின் மூட்டில் இருக்கும் ரப்பர் உறை. ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக முறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் திருகியபடியே நிற்கும். புது புஷ் சீக்கிரம் கிழியும், அதுவரை வண்டியும் விறைப்பாக ஓடும். சக்கரத்தில் எடை இறங்கிய பிறகு கடைசி முறுக்கு முறுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். வீல் அலைன்மென்ட் அதற்குப் பிறகுதான்.