தீர்ப்பை வகுப்பில் நடத்துவதும் அதிலிருந்து கட்டுரை எடுப்பதும்

சட்டம் கற்பிப்பவர்களுக்கு ஆய்வுக்கு நேரம் கிடைக்காமல் போவதற்கு முக்கியக் காரணம், பாடத்துக்கு ஒரு வாசிப்பு, கட்டுரைக்கு வேறொரு வாசிப்பு என்று பிரித்துக்கொள்வதுதான். இரண்டுக்கும் ஒரே தீர்ப்பை எடுங்கள். அப்போது உயர் மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1932-இல் தீர்த்த டோனஹூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கை வைத்தே முறையைப் பார்க்கலாம். நண்பர் வாங்கித் தந்த இஞ்சி பீரைக் குடித்த டோனஹூ, பாட்டிலில் நத்தை இருந்ததாகச் சொல்லி, அதைத் தயாரித்த ஸ்டீவன்சன் மீது தொடுத்த வழக்கு அது.

முதலில் வாசிப்பு. தீர்ப்புத் தொகுப்பில் மேலே இருக்கும் சுருக்கக் குறிப்பை நம்பிப் பாடம் எடுக்காதீர்கள். அது தொகுப்பாளர் எழுதியது, நீதிபதி எழுதியதல்ல. மாறுபட்ட தீர்ப்புகள் உட்பட முழுவதையும் படித்து, நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி என்ன என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். 'இஞ்சி பீர் பாட்டிலில் நத்தை இருந்ததாக நீதிமன்றம் முடிவு செய்தது' என்று எழுதுவார்கள். அப்படி எந்த முடிவும் இல்லை. டோனஹூ சொல்வதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், தன்னோடு ஒப்பந்தம் செய்யாதவருக்கு உற்பத்தியாளர் பொறுப்பாவாரா என்பதுதான் கேள்வி. பின்னர் வழக்கு சமரசத்தில் முடிந்ததால், நத்தை கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை.

அடுத்தது ரேஷியோ, அதாவது தீர்ப்பின் முடிவு எந்தச் சட்டக் கொள்கையின் மேல் நிற்கிறதோ அது. உண்மைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். பாட்டிலின் கண்ணாடி உள்ளே இருப்பது தெரியும்படி இருந்திருந்தால்? இடையில் யாராவது திறந்து சோதித்திருக்க முடிந்தால்? எதை மாற்றினால் முடிவு ஆட்டம் காண்கிறதோ அதுவே முக்கிய உண்மை. மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம் என்று பிரிந்த தீர்ப்பு இது. எனவே பெரும்பான்மை நீதிபதிகளில் ஒருவரான அட்கின் பிரபுவின் அண்டை அயலார் கொள்கையை, அதாவது நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்குத் தீங்கு நேராதபடி கவனமாக இருக்க வேண்டும் என்பதை, அப்படியே ரேஷியோ என்று பலகையில் எழுதிவிடாதீர்கள். பெரும்பான்மையில் இருந்த மற்ற இருவரும் அவ்வளவு தூரம் அவரோடு வந்தார்களா என்று மாணவர்களே தேடட்டும். ஒரு மணி நேரத்தில் மிகவும் பயன் தரும் பகுதி இதுதான். வழக்கின் கதைக்குப் பத்து நிமிடம் போதும்.

கேள்வி கேட்டபின் பத்து விநாடியாவது காத்திருங்கள். உடனே நீங்களே பதில் சொன்னால், அடுத்த கேள்விக்கு யாரும் யோசிக்க மாட்டார்கள். வகுப்பு முடியும் முன் ஒவ்வொருவரும் ரேஷியோவை ஒரே வாக்கியத்தில் எழுதித் தரட்டும்.

அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். நன்றாகப் படித்தவர்களே இரண்டு விதமாக எழுதியிருக்கும் இடத்தில்தான் கட்டுரைக்கான கேள்வி இருக்கிறது. பின்வந்த தீர்ப்புகள் அந்த இடத்தை எப்படிக் கையாண்டன, வேறு யாராவது அதைத் தீர்த்துவிட்டார்களா என்று தேடிய பிறகே எழுதத் தொடங்குங்கள்.

உங்கள் வாதம் முதல் பக்கத்திலேயே வர வேண்டும். திருப்பி அனுப்பப்படும் கட்டுரைகள் பலவற்றில் இருப்பது வழக்குச் சுருக்கம் மட்டுமே. சுருக்கத்தைக் கால் பங்குக்குள் அடக்குங்கள். எதிர்த்தரப்பின் பலவீனமான வாதத்தை விட்டு, பலமானதற்குப் பதில் சொல்லுங்கள். இந்த வழக்கில் பக்மாஸ்டர் பிரபுவின் மாறுபட்ட தீர்ப்பு அதற்கு நல்ல பயிற்சி. மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணையோ பத்தி எண்ணையோ அப்போதே குறித்துவிடுங்கள்.

அனுப்பும் முன் இதழின் விதியைப் பாருங்கள். மாணவர்கள் நடத்தும் அமெரிக்கச் சட்ட இதழ்கள் பலவற்றுக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாம். துறை வல்லுநர்கள் மதிப்பிடும் இதழ்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. ஒன்றின் முடிவு வந்த பிறகே அடுத்ததற்கு அனுப்ப வேண்டும்.